டிஎன் பனிப்படகை வேகமாக்க முதலில் எதற்குச் செலவிடுவது? ரன்னர், குறுக்குப் பலகை, பாய்மரம், பாய், உடற்பகுதி: ஓர் ஒப்பீடு

அமெரிக்கப் பேரேரிகளின் கரையோர ஊர்களில் வசிக்கும் வாசகர்கள் சிலர், உறைந்த ஏரியின் மேல் பாய் விரித்து ஓடும் டிஎன் வகைப் பனிப்படகு ஒன்றை, பிறர் ஓட்டியதை வாங்கி, ஒரு குளிர்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். படகில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் அதே அளவுள்ள இன்னொரு படகு, அதே ஏரியில், அதே காற்றில் அதை எளிதாகக் கடந்து போய்விடுகிறது. அடுத்த பருவத்துக்குள் ஏதேனும் ஒரு பகுதியை மாற்றும் அளவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எதை மாற்றுவது? இக்கட்டுரை அந்தத் தேர்வைப் பற்றியது.

டிஎன் என்பது டெட்ராய்ட் நியூஸ் என்ற நாளிதழின் பெயர்ச்சுருக்கம். அந்த நாளிதழின் கைவினைப் பட்டறையில், சாதாரண மக்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும்படியாக, 1937-இல் ஆர்ச்சி அரோலும் அவருடைய கூட்டாளிகளும் வடிவமைத்த படகு இது. உடற்பகுதியின் நீளம் 12 அடி, குறுக்குப் பலகை (இரு முனைகளிலும் ரன்னர் எனப்படும் எஃகுத் தகடுகளைத் தாங்குவது) 8 அடி, பாய்மரம் 16 அடி, பாயின் பரப்பு 60 சதுர அடி. நல்ல பனியில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டுவது இதற்குப் பெரிய காரியம் அல்ல. எல்லாப் படகுகளுக்கும் அளவு ஒன்றே என்பதால், இரண்டு படகுகளுக்கு இடையிலான வேக வித்தியாசம் முழுவதும் நுணுக்கங்களிலிருந்தே பிறக்கிறது. ஆகவேதான், வேகத்தைத் தரும் அம்சங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க டிஎன் மிகவும் பொருத்தமான படகாக இருக்கிறது.

## வேகம் எங்கிருந்து வருகிறது

வீசும் காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு வேகத்தில் ஒரு பாய்ப்படகு செல்லும் என்றால் முதலில் நம்பக் கடினமாக இருக்கும். ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரல்களுக்கு நடுவே அழுத்தினால் அது விரல்களைவிட வேகமாகப் பிதுங்கி முன்னே பாய்கிறது அல்லவா? காற்று ஒரு பக்கமிருந்து பாயை அழுத்துகிறது. எஃகு விளிம்பு மறுபக்கமிருந்து பனியைப் பற்றிக்கொண்டு நழுவ மறுக்கிறது. இந்த இரண்டு அழுத்தங்களுக்கு நடுவே படகுக்குத் திறந்திருக்கும் வழி முன்பக்கம் மட்டுமே.

படகு வேகமெடுக்க வேகமெடுக்க, அதில் இருப்பவர் உணரும் காற்று முன்புறம் நோக்கி நகர்ந்துகொண்டே வரும். படகு செல்லும் திசைக்கும் அவர் உணரும் காற்றுக்கும் இடையிலுள்ள கோணம் ஓர் எல்லைக்குக் கீழே சுருங்க முடியாது. அந்த எல்லை இரண்டு கோணங்களின் கூட்டுத்தொகை ஆகும். ஒன்று, பாய், பாய்மரம், அதை நிறுத்திப் பிடிக்கும் கம்பிகள், உடற்பகுதி, ஓட்டுபவரின் உடல் ஆகிய அனைத்தும் காற்றில் உண்டாக்கும் எதிர்ப்பினால் வருவது. மற்றொன்று, ரன்னர்கள் பனியில் உண்டாக்கும் எதிர்ப்பினால் வருவது. கூட்டுக்கோணம் 20 பாகை என்றால் படகின் உச்ச வேகம் காற்றைப் போல் சுமார் 2.9 மடங்கு, 15 பாகை என்றால் 3.9 மடங்கு, 12 பாகை என்றால் 4.8 மடங்கு. கோணம் சிறியதாக ஆக, குறைக்கும் ஒவ்வொரு பாகைக்கும் கிடைக்கும் பலன் பெருகுகிறது. எனவே வேகம் என்பது தள்ளும் விசையைக் கூட்டுவதால் வருவதைவிட, எதிர்ப்பைக் குறைப்பதால் வருவது என்றே கொள்ள வேண்டும்.

பெரிய பாய் இருந்தால் வேகம் கூடும் என்ற எண்ணமும் இங்கே பொய்த்துவிடுகிறது. படகும் ஆளும் சேர்ந்து 150 கிலோ என்றும், பலகையின் நடுவிலிருந்து ரன்னர் வரை 1.2 மீட்டர் என்றும், பாயின் விசை மையம் பனிக்கு மேல் ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில் உள்ளது என்றும் வைத்துக்கொண்டால், பக்கவாட்டு விசை சுமார் 90 கிலோவைத் தொட்டதுமே காற்று வரும் பக்கத்து ரன்னர் தரையைவிட்டு எழும்பிவிடும். அதற்கு மேல் எவ்வளவு பாய் இருந்தாலும் பயன் இல்லை. ஹட்சன் ஆற்றில் ஓடிய, ஜான் ரூஸ்வெல்ட்டுக்குச் சொந்தமான ஐசிக்கிள் என்ற படகு ஆயிரம் சதுர அடிக்கு மேல் பாய் விரித்து, 1871-இல் சிகாகோ விரைவு ரயிலையே முந்தியது உண்மைதான். ஆனால் இன்று அதைப் போன்ற பெருவேகத்தைத் தொட அந்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கும் தேவைப்படுவதில்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து பகுதிகளையும் நான்கு அளவுகோல்களால் எடைபோடுகிறேன். காற்றுக் கோணம், பனிக் கோணம் ஆகிய இரண்டில் எதை அந்தப் பகுதி குறைக்கிறது, எந்த அளவுக்குக் குறைக்கிறது என்பது முதலாவது. பருவம் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும் பனியிலும் காற்றிலும் எத்தனை வகை நாள்களுக்கு அது கைகொடுக்கும் என்பது இரண்டாவது. அதை மாற்றினால் வேறு எதையும் சேர்த்து மாற்ற வேண்டிவருமா என்பது மூன்றாவது. வாங்கிய பிறகு வரும் செலவு, அதாவது பராமரிப்பு, உடையும் அபாயம், பழகிக்கொள்ளப் பிடிக்கும் காலம் ஆகியவை நான்காவது. மூன்றாவது அளவுகோலைப் பலர் கவனிப்பதே இல்லை. பணம் பெரும்பாலும் வீணாவது அங்கேதான்.

## ரன்னர்கள்

படகைத் தாங்கும் எஃகுத் தகடுகளையே ரன்னர் என்கிறார்கள். முன்னே ஒன்று உண்டு. படகைத் திருப்புவது அதுதான். குறுக்குப் பலகையின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று உண்டு. பக்க ரன்னர்களிடம் நாம் எதிர்பார்ப்பவை ஒன்றுக்கொன்று முரணானவை: முன்னோக்கிச் செல்லும்போது பனியைத் தொடுவதே தெரியாதபடி அவை வழுக்க வேண்டும், பக்கவாட்டிலோ ஒரு விரற்கடையும் நழுவக் கூடாது. இந்த இரண்டையும் தீர்மானிப்பவை விளிம்பின் கோணமும், அதன் கூர்மையும், நீளவாக்கில் அதற்குள்ள மிக மெல்லிய வளைவுமே.

கெட்டியான கரும்பனியில் விளிம்பின் கோணம் 90 பாகையை ஒட்டி இருப்பது வழக்கம். பனி இளகியிருக்கும் நாளில் அந்த விளிம்பு ஆழமாகப் புதைந்து படகைப் பிடித்து நிறுத்தும் என்பதால், சற்று மழுங்கலான கோணமும், பனியைத் தொடும் பகுதி நீளமாக உள்ள தகடும் நல்லது. வளைவு அதிகமானால் படகு எளிதாகத் திரும்பும், ஆனால் எடை முழுவதும் சிறிய இடத்தில் இறங்கும். வளைவு குறைந்தால் எடை பரவும், ஆனால் திருப்பும்போது முனைகள் பனியைச் சுரண்டும்.

பழைய ரன்னர்களின் நிலையை அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். கட்டைவிரல் நகத்தின் மேற்புறத்தை விளிம்பின் குறுக்கே லேசாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் வெண்துகள் சீவி வந்தால் விளிம்பு கூராக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் இல்லை. இதைத் தகட்டின் முழு நீளத்துக்கும் சில அங்குலத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும், ஏனெனில் நடுப்பகுதி மட்டும் மழுங்கியிருப்பது மிகவும் சாதாரணம். அடுத்து, பக்க ரன்னர்கள் இரண்டையும் விளிம்போடு விளிம்பு பொருந்தும்படி வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் ஒட்டியிருந்து, இரு முனைகளை நோக்கி வெளிச்சக் கீற்று சீராக அகன்றுகொண்டே போனால் வளைவு சரியாக உள்ளது. இடையில் எங்காவது கீற்று தோன்றி மறைந்து மீண்டும் தோன்றினால் அங்கே பள்ளம் இருக்கிறது. பழைய படகை வாங்கச் செல்பவர்கள் விலை பேசுவதற்கு முன்பே இந்த இரண்டு சோதனைகளையும் செய்துவிட வேண்டும்.

புதிதாக வாங்குவதென்றால் இரண்டு வகைகளுக்கு இடையே தேர்வு வரும். மரத்தாலோ உலோகத்தாலோ ஆன உடலுக்குள் எஃகு விளிம்பைப் பதித்த வகை, அதிர்வை உள்வாங்கிக்கொண்டு கெட்டிப் பனியில் அருமையாக ஓடும்; ஆனால் பனியின் மேல் வெண்பனி படிந்திருந்தாலோ சொதசொதவென்று இளகியிருந்தாலோ, அந்தத் தடித்த உடல் அதைத் தள்ளிக்கொண்டு போக நேரும். முழுவதும் எஃகுத் தகடாக உள்ள வகை மெல்லியது என்பதால் இளகிய பனியைக் கிழித்துக்கொண்டு போகும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் உங்கள் ஏரியில் எந்தப் பனி அதிக நாள் நிற்கிறது என்று உள்ளூர் ஓட்டுநர்களிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். பிற ஊர் வெற்றியாளர்களின் பட்டியல் இதற்கு உதவாது.

மறைமுகச் செலவு இங்கே கணிசமானது. தீட்டுவதற்குத் தகட்டைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொள்ளும் பிடிப்புச் சட்டம், சாணைக்கல், மணல்தாள் பட்டை இயந்திரம் ஆகியவை வேண்டும். சாதாரண எஃகு ஒரே இரவில் துருவேறும் என்பதால் ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். விளிம்பை மூடும் உறை இல்லாமல் ரன்னரைக் கையில் எடுத்துச் செல்வது தனக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

ஒரு காசும் செலவில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பக்க ரன்னர்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று முற்றிலும் இணையாக நிற்க வேண்டும். அவை முன்புறம் சற்றே குவிந்திருந்தாலோ விரிந்திருந்தாலோ, ஒவ்வொன்றும் படகை வேறு திசைக்கு இழுத்துக்கொண்டே ஓடும். விளிம்பு எவ்வளவு கூராக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த இழுபறி கடுமையாகும். நேரான கம்பி ஒன்றை ஒவ்வொரு பக்கமும் பொருத்தி, முன்னும் பின்னும் இடைவெளியை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். பலகை வளையும்போது கோணம் மாறக்கூடும் என்பதால், ஓட்டுபவரின் எடை படகில் இருக்கும்போதே அளக்க வேண்டும். இங்கே அரை மில்லிமீட்டரும் பொருட்படுத்தத் தக்கதே. இதைச் செய்யாமல் புதிய ரன்னர் வாங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

## குறுக்குப் பலகை

பக்க ரன்னர்களைத் தாங்கும் இந்தப் பலகை ஒரு வில்லும்கூட. ஓட்டுபவரின் எடையும், கம்பிகள் இழுப்பதால் பாய்மரம் கீழ்நோக்கித் தரும் அழுத்தமும் சேர்ந்து அதை வளைக்கின்றன. காற்று திடீரென்று பலமாக வீசும்போது இந்த வளைவு அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு ரன்னர்களைப் பனியோடு வைத்திருக்கிறது. பலகை விறைப்பாக இருந்தால் படகு துள்ளும், ரன்னர் சட்டென்று எழும்பும், அதைச் சமாளிக்கப் பாயைத் தளர்த்த வேண்டிவரும். அளவுக்கு மீறி நெகிழ்ந்தால் உடற்பகுதி தாழ்ந்து, கம்பிகள் தளர்ந்து, பாயின் வடிவமே கலைந்துபோகும்.

ரன்னர்கள் பொருந்தும் இடங்களில் இரு முனைகளையும் முட்டுக்கொடுத்து, நடுவில் ஏறி நின்று, எவ்வளவு தாழ்கிறது என்று அளப்பதே வழக்கமான சோதனை. சுமார் 2 அங்குலம் தாழ்ந்தால் அந்தப் பலகை அந்த ஆளுக்குப் பொருத்தமானது என்பது பொதுவான கணக்கு. இங்கேதான் பழைய படகு வாங்கியவர்களின் சிக்கல் ஒளிந்திருக்கிறது. முன்னவர் 95 கிலோ எடையுள்ளவராக இருந்து நீங்கள் 65 கிலோ இருந்தால், அவருக்கு அருமையாக ஓடிய பலகை உங்களுக்கு இரும்புத் தூண்போல விறைத்து நிற்கும்.

இந்த மாற்றம் வேறு எதையும் இழுத்துவராது. ரன்னர்களை மீண்டும் இணையாக வைத்துவிட்டால் போதும். மரவேலை தெரிந்தவர்கள் தாங்களே செய்துகொள்ளலாம். விறைப்பாக உள்ள பலகையை இழைத்து மெலிதாக்குவதும் சாத்தியம். ஆனால் இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், சிறிது இழைத்து, அளந்து, பிறகே மேலும் இழைக்க வேண்டும். உங்கள் எடை முன்னவரின் எடையிலிருந்து வெகுவாக வேறுபட்டால், ரன்னருக்கு அடுத்தபடியாக இதற்கே செலவிடுங்கள்.

## பாய்மரம்

அலுமினியப் பாய்மரத்திலிருந்து கண்ணாடி இழை அல்லது கரி இழைப் பாய்மரத்துக்கு மாறுவதே பலருடைய கனவு. இருப்பதிலேயே விலை உயர்ந்த மாற்றமும் பெரும்பாலும் இதுதான். காரணம் இல்லாமல் அவர்கள் கனவு காணவில்லை. நவீன டிஎன் பாய்மரம் ஓட்டத்தின்போது நடுவில் வியக்கத்தக்க அளவு வளைகிறது. அப்படி வளையும்போது பாய் தட்டையாகி, மேற்பகுதி தளர்ந்து, காற்றின் விசை மையம் கீழே இறங்குகிறது. 90 கிலோ என்று மேலே பார்த்த எல்லையை நினைவில் கொண்டால் இதன் மதிப்பு விளங்கும்: மையம் இறங்கினால், ரன்னர் எழும்புவதற்கு முன் அதிக விசையைப் பயன்படுத்திக்கொள்ள முடியும், தட்டையான பாயினால் காற்றின் எதிர்ப்பும் குறையும். கெட்டிப் பனியில், அதிவேகத்தில், மொத்த எதிர்ப்பில் பெரும்பங்கு காற்றினுடையது என்பதால், அந்த நிலையில் இந்த மாற்றத்துக்கு ஈடான வேறொன்று இல்லை.

ஆனால் மூன்றாவது அளவுகோல் இங்கே கடுமையாகக் குறுக்கிடுகிறது. பாயின் முன்விளிம்பு, பாய்மரம் வளையும் அளவுக்கு ஏற்றபடி வெட்டப்படுகிறது. விறைப்பான பாய்மரத்துக்காகத் தைத்த பாயை நெகிழும் பாய்மரத்தில் ஏற்றினால், துணி நடுவிலிருந்து மூலைக்குச் சுருக்கம் விழுந்து, இரண்டின் பலனும் போய்விடும். ஆக, பாய்மரம் வாங்குவது என்றால் பாயும் வாங்குவது என்றே கணக்கிட வேண்டும். பாய்மரத்தின் விறைப்பும் ஓட்டுபவரின் எடைக்குப் பொருந்த வேண்டும். அதை வளைய வைப்பதும் ஒரு பழக்கம். போதிய வேகம் எடுக்கும் முன்பே பாயை இழுக்கும் கயிற்றை இறுக்கினால் படகு நின்றுவிடும். இழைப் பாய்மரங்கள் உடையவும் செய்யும்; உடைந்தால் பெரும்பாலும் பழுதுபார்க்க வழியில்லை.

போட்டிகளில் கலந்துகொள்பவர், ரன்னர்களையும் பலகையையும் ஏற்கெனவே சரிசெய்தவர், பாயையும் சேர்த்து வாங்க வசதி உள்ளவர் ஆகியோருக்கு இதுவே அடுத்த படி. ஏனையோருக்கு இன்னும் காலம் இருக்கிறது.

## பாய்

பரப்பு 60 சதுர அடி என்று வரையறுக்கப்பட்டிருப்பதால், தேர்வு வடிவத்தில்தான் இருக்கிறது. வயிறு சற்று உப்பிய பாய் மெல்லிய காற்றிலும், இளகிய பனியில் படகை நகர்த்தித் தொடங்குவதற்கும் உதவும். தட்டையான பாய் பலத்த காற்றுக்கும் கெட்டிப் பனிக்கும் உரியது. இருக்கும் பாய் பழையதாகித் துணி தளர்ந்து, வயிறு பின்விளிம்பை நோக்கி நகர்ந்திருந்தால் அதை மாற்றுவதில் தயக்கம் வேண்டாம். இப்போதுள்ள பாய்மரத்தையே இன்னும் சில பருவங்கள் வைத்துக்கொள்ளப் போகிறீர்களா என்பதை மட்டும் முதலில் முடிவுசெய்யுங்கள். அடுத்த ஆண்டு பாய்மரத்தை மாற்றினால் இந்த ஆண்டு வாங்கிய பாய் பொருந்தாமல் போகும்.

## உடற்பகுதி

மரம் உளுத்திருந்தாலோ, பாய்மரம் ஊன்றும் இடத்தில் விரிசல் இருந்தாலோ பாதுகாப்புக்காக மாற்றியே ஆக வேண்டும். வேகத்துக்காக மட்டும் என்றால் இதைக் கடைசியில் வையுங்கள். உடற்பகுதியைவிட அதில் இருக்கும் ஆளே காற்றை அதிகம் மறிக்கிறார். மல்லாந்து நன்றாகச் சாய்ந்து படுத்து, தலையை வழி தெரியும் அளவுக்கு மட்டும் உயர்த்தி, தொளதொளப்பான மேலங்கியைத் தவிர்த்தால் காற்றுக் கோணத்தில் கிடைக்கும் ஆதாயம் இலவசமாகவே வருகிறது.

## அட்டவணை

| பகுதி | குறைக்கும் எதிர்ப்பு | அதிகம் உதவும் சூழல் | கூடவே வரும் செலவு |
|---|---|---|---|
| ரன்னர்கள் | பனி | எல்லா நாளும். குறிப்பாக இளகிய பனி | தீட்டும் கருவிகள், இரண்டாவது தொகுதி, தொடர்ந்த பராமரிப்பு |
| குறுக்குப் பலகை | பனி, ஓரளவு காற்று | பலமாகவும் விட்டுவிட்டும் வீசும் காற்று | ரன்னர்களை மீண்டும் இணையாக்குதல் |
| பாய்மரம் | காற்று | கெட்டிப் பனி, நடுத்தரம் முதல் பலத்த காற்று | புதிய பாய், உடையும் அபாயம், பழகும் காலம் |
| பாய் | காற்று | பாயின் வடிவத்தைப் பொறுத்தது | பாய்மரத்தை மாற்றினால் வீணாகும் |
| உடற்பகுதி | காற்று | பழையது பழுதாகியிருந்தால் மட்டும் | எல்லா இணைப்புகளையும் புதிதாகப் பொருத்துதல் |

எதை வாங்குவதாயினும், டிஎன் வகுப்பின் விதிகளை முதலில் பாருங்கள். போட்டிக்கு வரும்போது அளவு மீறிய பகுதி செல்லாது.

## வகுப்பையே மாற்றுவது

இத்தனையையும் கூட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பணத்துக்கு ஸ்கீட்டர் வகைப் படகு ஒன்றையே பழையதாக வாங்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. ஸ்கீட்டருக்கு முக்கியமான கட்டுப்பாடு ஒன்றே: பாய் 75 சதுர அடிக்கு மேல் போகக் கூடாது. நீளத்தையும் அகலத்தையும் வடிவமைப்பவரே முடிவுசெய்யலாம். ஆகவே பலகை மிக அகலமாகவும், உடற்பகுதி நீளமாகவும் ஒடுக்கமாகவும் அமைந்து, மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும் படகுகள் உருவாகியிருக்கின்றன. முன்புறத்தில் திருப்பும் ரன்னரை வைக்கும் முறை 1930-களில் விஸ்கான்சின் ஏரிகளில் வேரூன்றியதற்கு இந்த வகைப் படகுகளே பெரிய காரணம். அதற்கு முந்தைய பெரும்படகுகளில் திருப்பும் ரன்னர் பின்னால் இருந்தது. காற்று பலமாகும்போது பாயின் விசை முன்பக்கத்தை அழுத்திப் பின்பக்கத்தைத் தூக்கும் என்பதால், பிடிப்பு மிகவும் தேவைப்படும் கணத்தில்தான் அது பிடிப்பை இழந்து படகு சுழன்றுவிடும். முன்னால் வைத்தபோது அதே விசை திருப்பும் ரன்னரைப் பனியில் அழுத்தும் விசையாக மாறியது.

ஆனால் ஸ்கீட்டரைக் கொண்டுசெல்ல நீண்ட இழுவண்டி வேண்டும், பனியில் இறக்கிப் பொருத்த ஆள்துணை வேண்டும், ஓட்டப் பரந்த ஏரியும் தடித்த பனியும் வேண்டும். டிஎன் படகையோ காரின் கூரையில் கட்டிக்கொண்டு, பனி நன்றாக உள்ள ஏரியைத் தேடிப் போய்விடலாம். பனிப்படகு ஓட்டத் தகுந்த நாள்கள் ஒரு பருவத்தில் மிகவும் குறைவு. வெண்பனி ஒரு முறை கனமாகப் பெய்தால் ஓர் ஏரி வாரக்கணக்கில் பயனற்றுப் போகும். மடிசனில் உள்ள மெண்டோட்டாவைப் போன்ற பெரிய ஏரிக்கு அருகிலேயே வசிப்பவராகவும், அங்கே ஏற்கெனவே ஸ்கீட்டர் ஓட்டும் குழு இருப்பதாகவும் இருந்தால் அந்தத் தாவலைத் தாராளமாக யோசிக்கலாம். வார இறுதியில் மட்டும் நேரம் கிடைத்து, எந்த ஏரி உறைந்திருக்கிறது என்று வெள்ளிக்கிழமை இரவுதான் தெரியவரும் நிலையில் இருப்பவர், டிஎன் படகிலேயே இருந்துகொண்டு ரன்னர்களைத் தீட்டத் தொடங்குவது நல்லது.